கடைசித் திருப்பு

அந்தப் பட்டறையில் கடைசித் திருப்பு மூத்தவனுக்கு உரியது. காரின் சக்கரத்தை யாரும் கழற்றலாம், யாரும் மாட்டலாம், நட்டுகளை ஓட்டி நிறுத்துவதையும் யாரும் செய்யலாம். ஆனால் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியபின், ஸ்பானரின் கைப்பிடியில் நீள இரும்புக் குழாயைச் செருகி, ஒவ்வொரு நட்டையும் கடைசியாக ஒருமுறை இழுத்து முடுக்குவது அந்த வீட்டின் மூத்த ஆண்தான். முடுக்கியதும் நட்டின் மேல் தொடங்கிச் சக்கரத்தின் மேல் முடிகிற மாதிரி வெள்ளைச் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்பா வைத்த வழக்கம். "கோடு போட்டவன் பொறுப்பு" என்பதைத் தவிர அவர் வேறு சட்டம் எதுவும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

அப்பாவுக்குப் பின் அந்தக் கோடு பெரியவருடையதாயிற்று. தெரு முழுக்க அவருக்குப் பெரியவர் என்றே பெயர். முதுகு வளையாமல் நடப்பார். பேரம் பேசமாட்டார், பேசவும் விடமாட்டார். தம்பி அவரைவிட மிகவும் இளையவன், அவர் தூக்கி வளர்த்தவன். தாடி நரைத்த பின்னும் சின்னவன்தான். இரண்டு குடும்பமும் பட்டறைக்குப் பின்னாலேயே, ஒரே சமையலறையில் சமைத்து, ஒரே கொடியில் துணி காயப்போட்டு வாழ்ந்தன. அங்கே துவைத்த சட்டைகளிலும் கிரீஸ் வாசம் போகாது.

பெரியவரின் வலத் தோள் போன மழைக்காலத்திலேயே இறுகிப்போயிருந்தது. கை மார்பு உயரத்துக்குமேல் எழாது. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு மனைவிதான் சட்டையை மாட்டிவிடுவாள். அவள் வாய் திறந்தால் அவர் முறைப்பார், அவள் மூடிக்கொள்வாள். குழாயைச் செருகி இழுக்க வேண்டுமானால் தோள் அகலச் சுழலவேண்டும். அது முடியாமல் போனதும், குழாய் எல்லாம் கை பழகாதவனுக்கு என்று சொல்லி அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டார். வெறும் ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்து உடம்பைச் சாய்த்து இழுப்பார். நட்டு அசையாவிட்டால் போதும், கோடு போட்டுவிடுவார். இந்தச் சங்கதி கட்டினவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார். எதிரே நின்று வேலை செய்கிற தம்பிக்கும் கண் என்று ஒன்று உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பேட்டரி இம்பாக்ட் கன் ஒன்று வாங்கவேண்டும் என்று சின்னவன் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். காற்று கம்ப்ரசர் ஓய்ந்துபோய்த் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஒயர் வேண்டாம், காற்றுக் குழாய் வேண்டாம், துப்பாக்கி மாதிரி கையில் எடுத்து நட்டில் வைத்து அழுத்தினால் துருப்பிடித்த நட்டும் கழன்று வரும் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வான். பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, பல் டாக்டர் கையில் இருப்பதைக் கொஞ்சம் ஊதிப் பெருக்கி நமக்கு விற்கிறான் என்பார். பெண்கள் சிரிப்பார்கள். அவனும் சிரித்துவிட்டு மறுநாள் மறுபடி ஆரம்பிப்பான். ஒருநாள் மட்டும் வாய் தவறி, "எனக்காகக் கேக்கலண்ணே, உங்க தோளுக்காகத்தான் கேக்கறேன்" என்றான். பெரியவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அன்று சமையலறையில் யாரும் பாத்திரத்தைக்கூடச் சத்தமாக வைக்கவில்லை.

கருவிக் கடைக்காரர் பழக்கமானவர். வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று பெரிய கன் ஒன்றைச் சின்னவனிடம் கொடுத்தனுப்பினார். லாரி நட்டையே பிடுங்கும் சாதி அது. பெரியவர் அதைத் தொடவில்லை. அது கத்தும்போதெல்லாம், பேயை விலைக்கு வாங்கி வீட்டில் கட்டிப்போட்டிருக்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய் நிற்பார்.

அந்த வாரம் டாக்ஸி ஒன்று பிரேக் வேலைக்கு வந்தது. நான்கு சக்கரத்தையும் கழற்றினார்கள். வேலை முடிந்ததும் சின்னவன் அந்த கன்னை ஆகக் குறைந்த படியில் வைத்து நட்டுகளை ஓட்டினான். நட்டு உட்கார்ந்ததும் விரலை எடுத்துவிட்டான், மிச்சம் அண்ணனுடையது என்று. பெரியவர் வந்தார். ஸ்பானரை மாட்டி இழுத்தார். நட்டு அசையவில்லை. வெயில் தகித்தது, தோளுக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருந்தது, டாக்ஸிக்காரன் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். கோடுகளைப் போட்டார். அவை நேராக, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருந்தன.

இரண்டாம் நாள் அந்த டாக்ஸியின் முன்சக்கரம் இறக்கத்தில் கழன்று ஓடியது. வண்டி மதிலில் மோதியது. டாக்ஸிக்காரனுக்கு உதடு கிழிந்து முன்பற்கள் போயின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவிக்குத் தொடையெலும்பு முறிந்தது.

செய்தி வருவதற்கு முன்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவளுடைய அண்ணன்கள் இருவர், கூட இன்னும் சிலர், நடுவில் வாயில் துணியை அழுத்திக்கொண்டு டாக்ஸிக்காரன். கழன்ற சக்கரத்தை மூத்த மைத்துனன் உருட்டிக்கொண்டு வந்தான். வாசலில் அதை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, வேலைக்கு நின்றிருந்த வேறொருவர் காரின் முன்கண்ணாடியில் எறிந்தான். கண்ணாடி பொலபொலவென்று உள்ளேயும் தரையிலும் கொட்டியது.

"எவன்டா மாட்டினது?" என்றான்.

இளைய மைத்துனன் ஜாக்கிக் கம்பியை எடுத்து மேஜையை விளாசினான். ஆணியும் நட்டும் தரையெங்கும் சிதறின. எதிரே நின்ற சின்னவனைக் கழுத்துப்பட்டையில் பிடித்து இழுத்து, காரின் பானெட்டில் முகம் பட அறைந்தான். தகரம் குழிந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து வெள்ளைப் பெயின்டில் இறங்கியது. இன்னொருவன் முதுகில் மிதித்தான். பின்கட்டிலிருந்து ஓடிவந்த பெண்கள் கதவருகே நின்றுவிட்டார்கள்.

பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருக்குக் கோபத்தைவிட அவமானம்தான் முதலில் வந்தது. அப்பா காலத்திலிருந்து அந்த வாசலுக்குள் ஒருவனும் குரல் உயர்த்தியதில்லை. இப்போது தெருவே திரண்டு பார்க்க, வீட்டுப் பிள்ளையை அடுத்தவன் காலால் மிதிக்கிறான்.

"நிறுத்துங்க" என்றார். கத்தவில்லை. அந்தக் குரலுக்கே ஜாக்கிக் கம்பி இறங்கியது. "தப்பு எங்க பக்கம்னா தண்டனையும் எங்க வீட்லயே கெடைக்கும். எங்க ஆள் மேல வெளியாள் கை படக்கூடாது."

மூத்த மைத்துனன் மேஜையில் கிடந்த கன்னைக் காட்டினான். "இந்த மெஷின வெச்சு முறுக்கியிருக்கான். அளவு தெரியாம முறுக்கினா போல்ட்டு அறுந்துடும்னு எனக்கே தெரியும். உனக்குத் தெரியாதா, பெரியவரே?"

அவருக்கும் அது தெரியும். அப்படித்தான் இருக்கும் என்று அந்தக் கணமே அவருக்குத் தோன்றியும் விட்டது. பிடிக்காத பொருளின் மேல் பழி எவ்வளவு லேசாக ஒட்டிக்கொள்கிறது. தம்பியைப் பார்த்தார். அவன் பானெட்டில் கையூன்றி எழுந்து, ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு. இத வெச்சு எவ்வளவு முறுக்கின?"

சின்னவன் முதலில் அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவருடைய வலத் தோளைப் பார்த்தான். பிறகு சுற்றி நின்றவர்களை.

"முழுசா அழுத்திட்டேண்ணே. என் தப்புதான்."

கதவருகே நின்ற சின்னவன் மனைவி, "பொய்யி" என்று ஒரு சொல் சொன்னாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. பெரியவரும் வாங்கவில்லை. தம்பியின் வலக் கையைப் பிடித்து பானெட்டின் மேல் விரித்து வைத்தார். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. ஸ்பானரை இடக் கையில் எடுத்தார். ஓங்குவதற்கு அந்தக் கைதான் எழும்பியது. மணிக்கட்டில் இறக்கினார்.

காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம். சின்னவன் அலறவில்லை. மூச்சு மட்டும் உள்ளே போய் வெளியே வர மறுத்து, முழங்கால் மடங்கிக் கண்ணாடித் துண்டுகளின்மேல் உட்கார்ந்தான். பெரியவர் அதோடு விடவில்லை. சுவரோரம் சாய்ந்திருந்த குழாயை எடுத்து அந்த கன்னை அடித்தார். பேட்டரி ஒரு பக்கம் தெறித்தது, மூக்கு ஒரு பக்கம் தெறித்தது. பிளாஸ்டிக் தூளாகும்வரை அடித்தார். அடிக்க வந்தவர்களே இரண்டடி பின்வாங்கி நின்றார்கள். மூத்த மைத்துனன் காறித் துப்பினான், ஆனால் வாசலுக்கு வெளியே துப்பினான். பிறகு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

பெரியவர் குழாயைச் சுவரோரம் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். பட்டறையின் மானம் காப்பாற்றப்பட்டது என்று நினைத்தார்.

மறுநாள் காலை டாக்ஸியை இழுவை வண்டியில் கொண்டுவந்து வாசலில் போட்டுப் போனார்கள். செய்து கொடுக்கவேண்டியது இவர்கள் கடமைதானே. சின்னவனைக் கையில் மாவுக்கட்டோடு உள்ளறையில் படுக்கவைத்திருந்தார்கள். பெரியவர் தனியாக வண்டியின் முன்னால் குந்தி, சக்கரம் போன இடத்தைப் பார்த்தார்.

அறுந்த போல்ட்டைத்தான் தேடினார். ஒன்றும் அறுந்திருக்கவில்லை. எல்லா போல்ட்டும் முழு நீளத்துக்கு நின்றன. திருகு மரைகள் மட்டும் ஒரு பக்கமாக மழுங்கியிருந்தன. சக்கரத்தை எடுத்து வந்து துளைகளில் விரல் விட்டுப் பார்த்தார். வட்டமாக இருக்கவேண்டிய துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தேவையில்லாத பாடம் அது. மிகையாக முறுக்கியிருந்தால் போல்ட் கழுத்தில் மெலிந்து அறுந்திருக்கும். நட்டு தளர்ந்து, சக்கரம் ஆடி ஆடி, ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தால்தான் துளை இப்படிப் போகும்.

கழலாத பின்சக்கரத்துக்குப் போனார். கோடுகள் அப்படியே இருந்தன, நேராக, வெள்ளையாக. அவர் கோடுகள். ஸ்பானரில் குழாயைச் செருகினார். அதன்மேல் படிந்திருந்த தூசியில் நேற்று அவர் பிடித்த விரல் தடம் மட்டும் தெரிந்தது. இடக் கையால் முடுக்கும் பக்கமாகவே இழுத்தார். நட்டு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கால் சுற்று நகர்ந்தது. கோடு பிரிந்தது. அடுத்த நட்டு, அதுவும் பிரிந்தது. அடுத்ததும். எல்லாக் கோடும் பிரிந்தபின் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலையிடத்தில் ஓய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்திராத மனிதர், பட்டறைத் தரையில், கண்ணாடித் தூளின்மேல்.

உள்ளறைக்குப் போனபோது சின்னவன் மனைவி வாசலை மறித்து நின்றாள். அவர் முன்னால் நின்று பேசியறியாதவள்.

"எதுக்கு வந்தீங்க மாமா? இன்னொரு கை மிச்சம் இருக்குன்னா?"

உள்ளிருந்து தம்பி, "விடு, வரட்டும்" என்றான்.

கட்டிலருகே நின்றார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

"குழாய நீங்க ஓரமா சாத்தின அன்னைக்கே தெரியும்ணே. அதுக்கப்புறம் உங்களுக்குத் தெரியாம நான் வெறும் ஸ்பானரோட தெருவுக்குப் போய் ஒவ்வொரு வண்டியையும் ஒருதடவை இழுத்துப் பாத்து, பிரிஞ்ச கோட்டத் தொடச்சுட்டுத்தான் அனுப்புவேன். அன்னைக்கு அந்த டாக்ஸிக்காரன் அவசரமா கெளம்பிட்டான்."

"அப்ப ஏன் பொய் சொன்ன?"

"பின்ன? எங்கண்ணனுக்குத் தோள் வெளங்கல, ஸ்பானர் பிடிக்க வக்கில்லைன்னு அத்தன பேர் முன்னால சொல்லச் சொல்றீங்களா? சொல்லியிருந்தா அந்தக் கம்பி உங்க மண்டையில எறங்கியிருக்கும்." கட்டுப் போட்ட கையை மார்பின்மேல் நகர்த்தி வைத்துக்கொண்டான். "வெளியாள் கை உங்க மேல படக்கூடாதுன்னு நெனச்சேன். உங்க கை என் மேல படும்னு நெனக்கல."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மணிக்கட்டு கூடினாலும் பழைய பிடி வராது என்று மருத்துவர் சொன்னதைப் பெரியவரின் மனைவிதான் பிறகு சொன்னாள். சமைத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள். இந்த வீட்டில் இனி இரண்டு அடுப்பு என்பதையும் அதே மூச்சில் சொல்லி முடித்தாள்.

உடைந்த கன்னின் துண்டுகளை ஒரு சாக்குப்பையில் அள்ளிக்கொண்டு அவர் கருவிக் கடைக்குப் போனார். கடைக்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, எந்த லாரி ஏறியது என்று கேட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. இதற்குரிய பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இன்னொன்று காட்டுங்கள் என்றார்.

கடைக்காரர் அதே பெரிய சாதியைத் தூக்கி வைத்து அதன் பெருமையைப் பாடத் தொடங்கினார். பெரியவர் அதை இடக் கையில் எடுத்து நீட்டிப் பிடித்தார். எடை தாங்காமல் கை தாழ்ந்தது. வேண்டாம் என்று வைத்தார். கைக்கு அடக்கமாக ஒன்று வந்தது. அதைக் கடையில் வைஸ் இடுக்கியில் இறுக்கி வைத்திருந்த துரு போல்ட்டின் நட்டில் வைத்து அழுத்திப் பார்த்தார். நெடுநேரம் கத்தியது, நட்டு அசையவில்லை. அதையும் வைத்தார். கடைக்காரருக்குப் புரியவில்லை. யார் பிடிக்கப்போகிறார்கள் என்று கேட்டார்.

"தம்பி. இடது கையால, ஒத்தக் கையால பிடிப்பான்."

கடைக்காரர் அதற்கு மேல் பெருமை பாடவில்லை. உள்ளே போய், நடுத்தரமான ஒன்றைக் கொண்டுவந்தார். மூக்கு குட்டை, மடக்கான இடத்திலும் நுழையும். பேட்டரி அடியில் இருந்ததால் எடை கையில் சாயாமல் நேராக நின்றது. சக்தியை ஏற்றி இறக்கப் படிகள் இருந்தன. கட்டைவிரலாலேயே மாற்றலாம், எந்தக் கையானாலும். பெரியவர் அதைத் தோளுயரத்தில் நீட்டி, இடக் கை தாளும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போல்ட்டில் வைத்து அழுத்தினார்.

முதலில் சுழன்றது. நட்டு எதிர்த்ததும் அடிக்கத் தொடங்கியது. இத்தனை காலம் அது திருகுகிறது என்றே நினைத்திருந்தார். இல்லை. அதன் வயிற்றுக்குள் ஒரு சுத்தியல் இருக்கிறது, அது அடிக்கிறது, அடித்து அடித்தே காரியத்தை முடிக்கிறது. ஒவ்வொரு அடியும் மணிக்கட்டு எலும்புக்குள் வந்து விழுந்தது. நட்டு விட்டுக்கொடுத்தது.

"இது அடிக்கிறத எப்ப நிறுத்தும்?" என்று கேட்டார்.

"வெரல எடுத்தா நின்னுடும்" என்றார் கடைக்காரர்.

பெரியவர் தன் விரலைப் பார்த்தார். பிறகு அதையே கட்டச் சொன்னார். நட்டைக் கவ்வும் பளபளக்கும் சாக்கெட் அடி தாங்காமல் தெறிக்கும் என்பதால் கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்டுகளாகப் பொறுக்கிக்கொண்டார். கூடவே, வேண்டிய முறுக்களவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கிற டார்க் ரெஞ்ச் ஒன்றையும் எடுத்தார். தன் கையையே நம்பாதவன் வாங்குவது என்று அவர் ஊரெல்லாம் கேலி செய்திருந்த பொருள் அது.

நேரே வீட்டுக்குப் போகவில்லை. வரும்போதே இடுப்பில் செருகி வந்திருந்த அந்தப் பழைய ஸ்பானரோடு டாக்ஸிக்காரன் வீட்டுக்குப் போனார். குறுகலான கூடம். அவன் மனைவி கட்டிலில், கட்டுப்போட்ட கால் உயர்த்தித் தொங்கவிடப்பட்டுக் கிடந்தாள். அண்ணன்கள் இருவரும் இருந்தார்கள். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஸ்பானரைத் தரையில் அவர்கள் காலடியில் வைத்தார்.

"சக்கரம் கழண்டது என் கையால. தம்பி முறுக்கினது சரி. நான்தான் கடைசியா முடுக்காம கோடு போட்டேன். அன்னைக்கு நான் அடிச்சது தப்பான கை."

சொல்லி முடிக்குமுன் மூத்த அண்ணன் எழுந்துவிட்டான். முதல் அடியிலேயே பெரியவரின் மூக்குக்கண்ணாடி பறந்தது. இரண்டாவது அடி வாயில் விழுந்து உதடு கிழிந்தது. மூன்றாவதற்கு அவன் ஸ்பானரையே எடுத்து வலத் தோளில் இறக்கினான். பெரியவர் சுவரில் மோதினார், நிமிர்ந்தார், மறுபடி வந்து அதே இடத்தில் நின்றார். கையை உயர்த்தவில்லை. வலக் கை எழாது, இடக் கையை எழுப்ப அவர் விடவில்லை. அவன் மறுபடி ஓங்கியபோது கட்டிலிலிருந்து அவள், "போதும்ண்ணா" என்றாள். பிறகு பெரியவரைப் பார்த்து, மெதுவாக, சொல் சொல்லாகப் பேசினாள்.

"எங்களுக்கு நியாயம் செய்யத்தான் தம்பி கைய ஒடிச்சேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க பெரியவரே. அது உங்க கௌரவத்துக்கு ஒடிச்சது. எங்க கணக்குல எழுதாதீங்க."

அவர் வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கிக்கொண்டு தலையசைத்தார். ஸ்பானரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

டாக்ஸிக்குப் புது போல்ட்டுகளும் புதுச் சக்கரமும் வந்தபோது, சின்னவன் இன்னும் கட்டோடுதான் இருந்தான். ஆனாலும் எழுந்து பட்டறைக்கு வந்தான். அண்ணனின் வீங்கிய முகத்தைப் பார்த்தான். மேஜையில் இருந்த கன்னை இடக் கையில் எடுத்தான். எடை பார்த்தான். கட்டைவிரலால் படியை மாற்றிப் பார்த்தான். இதைத் தேர்ந்தெடுத்தவருக்கு எந்தக் கை ஞாபகத்தில் இருந்தது என்பது அவனுக்குப் புரிந்திருக்கவேண்டும். கதவருகே நின்ற மனைவி பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு, வண்டியருகே குந்தினான்.

பெரியவர் சக்கரத்தை முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். அவன் நட்டுகளை எதிரும் புதிருமாக ஓட்டினான். ஒவ்வொன்றும் உட்கார்ந்ததும் விரலை எடுத்தான். ஜாக்கியை இறக்கினார்கள். பெரியவர் டார்க் ரெஞ்சை எடுத்து அவனிடம் நீட்டினார். சின்னவன் அதை வாங்கவில்லை.

"கடைசித் திருப்பு உங்களுதில்ல?"

"இனிமே இல்ல. கோடு போட்டவன் பொறுப்பு. நான் போட்டது போதும்."

அவன் அதை வாங்கி, கைப்பிடியில் இடக் கையையும் உடம்பின் பாரத்தையும் சேர்த்து அழுத்தினான். டக். அடுத்தது. டக். வலிக்கும் கையை ஆட்டிவிடாமல் மார்போடு ஒட்டவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முடித்தான். பெரியவர் பையிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

சின்னவன் ஒருபோதும் கோடு போட்டதில்லை, அதுவும் இடக் கையால். சாக்குக்கட்டி வழுக்கியது. கோடு புழு நெளிந்ததுபோல் நட்டில் தொடங்கிச் சக்கரத்தில் எங்கோ போய் முடிந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. அடுத்த நட்டுக்கு நகர்ந்தான்.

பெரியவர் குனிந்து, அவன் முதலில் கோடு போட்ட நட்டில் ரெஞ்சை மாட்டி, தன் இடக் கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். டக்கென்று சத்தம் வந்தது. கோடு கோணலாக இருந்தது. நட்டு அசையவில்லை.